ஆஸ்திரேலியத் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கும் வேலை

குயின்ஸ்லாந்தின் ஸ்டான்தார்ப்பிலும் டாஸ்மேனியாவின் ஹுவான் பள்ளத்தாக்கிலும் பிப்ரவரி தொடங்கி ஆப்பிள் அறுவடை. வேலை செய்துகொண்டே நாட்டைச் சுற்றிப் பார்க்க இளைஞர்களுக்குத் தரும் 462 வகை விசா 2024 முதல் இந்தியர்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு 1000 இடம், குலுக்கல் முறையில். போனதும் வரி எண்ணுக்கு விண்ணப்பியுங்கள், வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

பழத்தை இழுக்கவே கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருப்பினால் காம்போடு கையில் வரும். இழுத்தால் காம்பு பிய்ந்து அந்தக் காயத்தில் அழுகல் பிடிக்கும். கிளையிலுள்ள குட்டைக் கணு ஒடிந்தால் அடுத்த வருடக் காய்ப்பும் அதோடு போச்சு. விரல் நுனியால் அழுத்தின இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

நெஞ்சில் மாட்டும் பை நிறைந்ததும், பழம் சேர்க்கும் பெரிய பெட்டிக்குள் குனிந்து, பையின் அடியை முந்தைய பழங்கள் மேல் படியவைத்து, பிறகே அடிமடிப்பை அவிழ்க்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் மேலே நன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது நசுங்கிப்போகும், பெட்டியையே கழித்துவிடுவார்கள்.

பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், 2022 ஏப்ரலுக்குப் பின் மணிக்கணக்கு அடிப்படைக் கூலிக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். வேலை நேரத்தைத் தினமும் குறித்துவையுங்கள். சம்பளச் சீட்டு தராத இடத்தில் தங்காதீர்கள்: இரண்டாம் ஆண்டு விசாவுக்கு மூன்று மாத வேலையைக் காட்ட அதுதான் ஆதாரம்.