பல் முளைக்காத குடும்பத்துக்கு ஒரு வம்சாவளிப் படம்

எங்கள் வீட்டில் மேல்வரிசை நடுப்பற்களுக்குப் பக்கத்துப் பல் ஒருவருக்கு அரிசி மணி அளவில் இருக்கும். இன்னொருவருக்கு முளைத்தே இருக்காது. அம்மம்மாவிலிருந்து என் மகள்வரை இதே கதைதான். மகளை வெள்ளவத்தையில் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனபோது, "குடும்பத்தில வேற ஆருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். உங்களிடமும் கேட்பார்கள். போக முன்னமே ஒரு தாளில் குடும்ப வம்சாவளியை வரைந்துகொள்ளுங்கள்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பல் முளைக்காதவருக்கு முழுக் கறுப்பு. சின்னப் பல், கூம்புப் பல் உள்ளவருக்குப் பாதிக் கறுப்பு. சின்னப் பல்தானே என்று விட்டுவிட வேண்டாம். ஒரே மரபணு மாற்றம் அண்ணனுக்குப் பல்லே இல்லாமலும் தங்கைக்குக் கூம்புப் பல்லாகவும் வெளிப்படலாம். சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இருவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு போடுங்கள். டபிள்யூ.என்.டி.10ஏ என்ற மரபணுவின் பழுதான பிரதி தாய், தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்ந்தால் இன்னும் பல பற்கள் இல்லாமல் போகலாம்.

கேட்கிற விதத்தில்தான் வேலை இருக்கிறது. "உங்களுக்குப் பல் குறைவா?" என்றால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். "பால்பல் விழுந்த இடத்தில புதுப்பல் வந்ததா? வந்ததைப் பிடுங்கினவையா?" என்று கேளுங்கள். பிடுங்கினது கணக்கில் சேராது. ஞானப்பல்லும் வேண்டாம், அது பலருக்கு இயல்பாகவே இருக்காது. பொய்ப்பல் கட்டியவர்களைத் தவறவிடாதீர்கள். என் மாமாவின் பளிச்சென்ற சிரிப்பில் இரண்டு கட்டுப்பல் என்பது மாமிக்கே தெரியாது! இறந்தவர்களுக்குக் கலியாண ஆல்பம் இருக்கிறது. அடையாள அட்டைப் படம் உதவாது, அதில் யார் சிரிக்கிறார்கள்? பந்திப் படங்களைப் பாருங்கள்.

பல் ஒழுங்காக உள்ளவரையும் வரையுங்கள். பல குடும்பங்களில் ஒரு பக்கத்துப் பழுதான பிரதியே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் சிலர் வெளியே ஒன்றும் காட்டாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடுவார்கள்.

எந்தப் பல் இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பாக்ஸ்9 என்ற மரபணு பழுதானால் பெரும்பாலும் கடைவாய்ப்பற்கள் இருக்காது. எம்.எஸ்.எக்ஸ்.1 மரபணு என்றால் அவற்றுக்கு முன்னாலுள்ள இரண்டாம் சிறு கடைவாய்ப்பல்லில் கை வைக்கும்.

இரண்டு விசயம் தனியாகக் கேளுங்கள். கொழும்பு வெக்கையிலும் வேர்க்காத, முடி ஐதான, கூம்புப் பல் பையன் இருந்தால் அது வேறு வகை, எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து வருவது. தாய்க்கு ஒன்றிரண்டு பல் மட்டும் குறைந்திருக்கலாம். மற்றது, பல பற்கள் முளைக்காதவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய். ஆக்சின்2 மரபணு இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருவதை 2004இல் ஒரு பின்லாந்துக் குடும்பத்தில் கண்டார்கள். அரிதுதான், ஆனாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சரி, தாள் தயார். முதலில் பல் வைத்தியர். முழுத் தாடைக்கும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். மரபணு ஆலோசனை தேவைப்பட்டால் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. சின்ன வயதில் எடுத்த படத்தில் சிறு கடைவாய்ப்பல் தெரியாவிட்டால் உடனே இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது பிந்தித்தான் உருவாகும். அதுவரை ஆடாத பால்பல்லைப் பிடுங்க விடாதீர்கள். கீழே பல் இல்லாவிட்டால் அதுதான் வருசக்கணக்கில் அந்த இடத்தைக் காக்கும்.