ட்யூப் புதுசு, வெளிச்சம் மட்டும் பழசு

"பழைய குண்டு ட்யூப்லைட் வெளிச்சம் மாதிரி இப்போதைய ட்யூப்பில் வருமா?" என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. அந்த 40 வாட் ட்யூப்பும் இப்போதைய 36 வாட் ஒல்லி ட்யூப்பும், சாதா ரகத்தில், கிட்டத்தட்ட 2,450 லூமென்தான் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). ராயபுரத்தில் எங்கள் வீட்டில் வெளிச்சத்தைத் தின்றது பட்டி, அதாவது ஹோல்டரும் சோக்கும் உள்ள ட்யூப்லைட் சட்டம்.

மெயினை அணைத்து ஹோல்டரைக் கழற்றினால், பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு. கடல் காற்றுக்கு இது சகஜம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். ஆனால் தகடு தளர்ந்திருந்தால் பின்னைக் கவ்வாது, ட்யூப் மினுக்கும், முனை சீக்கிரம் கருக்கும். அதனால் இரண்டு ஹோல்டரையும் மாற்றிவிட்டேன்.

அடுத்து சோக், அதாவது ட்யூப்பில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம். மலிவான எலக்ட்ரானிக் சோக்குகளில் பல, ட்யூப்பை முழு வாட்டில் ஓட்டுவதில்லை. 36 வாட் ட்யூப்பில் சுமார் 0.43 ஆம்பியர் ஓட வேண்டும். எங்கள் பட்டியிலிருந்த எலக்ட்ரானிக் சோக்கைத் தூக்கிவிட்டு 36 வாட் காப்பர் சோக் (செம்புக் கம்பி சுற்றியது) வைத்தேன்: ஃபேஸ் சுவிட்சிலிருந்து சோக் வழியாக ஒரு முனைக்கு, நியூட்ரல் மறுமுனைக்கு, மிச்சமுள்ள இரண்டு பின்னுக்கும் நடுவே ஸ்டார்ட்டர். ஒரு குறை உண்டு: சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் காப்பர் சோக்கில் வெளிச்சமும் இறங்கும்.

ட்யூப் வாங்கும்போது கண்ணாடியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 765 சாதா ரகம். 865 என்றால் மூவண்ண பாஸ்பர், அதாவது கண்ணாடியின் உள்பக்கம் பூசிய, ஒளிரும் பொடியில் உயர்ந்த ரகம். அதே 36 வாட்டில் 3,200 லூமெனைத் தாண்டும். விலை கூடுதல்தான், கொடுக்கலாம். கருத்த ட்யூப்பை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.