பிஎம் கிசான் தவணை நின்றுவிட்டதா? முதலில் மூன்று வரிகளைப் பாருங்கள்

விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பிஎம் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக, 2,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். உரம் வாங்கும் நேரத்தில் அது சிறு விவசாயிக்குப் பெரிய தொகை. நின்றுபோனால் "நம்ம பேரை எடுத்துட்டாங்க" என்று விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தாலும் பணம் நிற்கும்.

முதலில் தகுதி. உங்கள் பெயரில் விவசாய நிலம் இருக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர்களுக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் கிடையாது (கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் விலக்கு உண்டு). கணவன், மனைவி, 18 வயதாகாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம், ஒருவருக்குத்தான் பணம். குத்தகைக்கு உழுபவருக்கு இதில் இடமில்லை. வெயிலில் நிற்பவர் அவர், பணம் பட்டாக்காரருக்கு என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, தகுதி இருக்கிறது. பிஎம் கிசான் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' (Know Your Status) பகுதிக்குப் போய்ப் பதிவு எண்ணைப் போடுங்கள். எண் மறந்துவிட்டால் ஆதார் எண்ணையோ கைபேசி எண்ணையோ கொடுத்து அங்கேயே எடுக்கலாம். திறக்கும் பக்கத்தில் நில இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் மூலம் அடையாளத்தை உறுதிசெய்வது), ஆதார்–வங்கி இணைப்பு என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றிலும் 'எஸ்' (Yes) இருக்க வேண்டும்.

இ-கேஒய்சி எளிது. ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் முடிந்தது. கைபேசி எண் மாறியிருந்தால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வையுங்கள். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால், பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம்.

வங்கி இணைப்பில்தான் குழப்பம் அதிகம். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா மூன்று தவணை வரவில்லை என்று அழுதார். பார்த்தால், நகைக்கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கியபோது ஆதாரை அங்கே இணைத்திருக்கிறார்கள். பணம் முழுவதும் அந்தக் கணக்கில் கிடந்தது. அரசுப் பணம், ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தீர்களோ அங்கேதான் போகும். கேஸ் மானியம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்று பாருங்கள், புரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால், பணம் வர வேண்டிய வங்கிக்கு ஆதார் நகலோடு போய், நேரடி மானியத்துக்காக இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

நில இணைப்பில் 'நோ' என்று வந்தால் பட்டா, சிட்டா, ஆதார் நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், முதலில் அதை மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிப்பதென்றால் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். நாளாகும், பொறுமை வேண்டும். 01.02.2019-க்குப் பிறகு பெயர் மாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அது விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பொருந்தும். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு இருக்கிறது.

அப்புறம், வேளாண்மை விரிவாக்க மையத்தில் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தால் உதவி எண் 155261. அங்கே பேசும்போது பதிவு எண் கையில் இருக்கட்டும். ஓடிபியை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.