ஸ்கூபா டைவிங்: சொல்லாமல் விடுவதால் வரும் தவறுகள்

புதுச்சேரியிலோ சென்னை ஈசிஆர் பக்கமோ வார இறுதியில் ஸ்கூபா கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கவனியுங்கள். அந்தமானின் சுவராஜ் தீவுக்கும் திருகோணமலைக்கும் சுற்றுலா போய், ஒருமுறை மூழ்கிப் பார்த்துவிடலாம் என்று படகு ஏறுகிறவர்களையும் கவனியுங்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளம்புகின்றன: வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவது. காது வலிக்கிறது, சளி பிடித்திருக்கிறது, காற்று குறைந்துவிட்டது, பயமாக இருக்கிறது என்று சொன்னால் இன்ஸ்ட்ரக்டர் என்ன நினைப்பாரோ, கூட வந்தவர்களின் டைவ் நம்மால் கெட்டுவிடுமோ என்று அடக்கிக்கொள்கிறார்கள். தரையில் இந்தக் கூச்சத்தால் பெரிய நஷ்டம் இல்லை. தண்ணீருக்குள் அது உயிருக்கே வினையாகலாம்.

முதல் மறைப்பு மருத்துவப் படிவத்திலேயே நடந்துவிடுகிறது. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நீரிழிவு, காது அல்லது நெஞ்சில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். காசு கட்டியாயிற்று, படகு காத்திருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். ‘ஆம்’ என்று எழுதியதாலேயே யாரையும் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. மருத்துவர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால் இறங்கலாம். ஆஸ்துமாவைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சிக்கிக்கொண்ட காற்று, மேலே ஏறும்போது வெளியேற வழியில்லாமல் நுரையீரலைக் கிழிக்கக்கூடும்.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்று. ஆக்ஸிஜன் சுமார் 21 விழுக்காடு, மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதைச் சுத்தப்படுத்தி 200 பார் அழுத்தத்தில், அதாவது மேற்பரப்புக் காற்றழுத்தத்தைப்போல சுமார் 200 மடங்கில், அடைத்திருக்கிறார்கள். தூய ஆக்ஸிஜனோடு இறங்கினால் ஏழெட்டு மீட்டரிலேயே அது நஞ்சாகி வலிப்பை உண்டாக்கிவிடலாம். அந்த நைட்ரஜனும் சும்மா இருப்பதில்லை; அதைப் பின்னால் பார்ப்போம்.

மூச்சை அடக்குவதுதான் மிகப் பெரிய தவறு. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் மூச்சடக்கியே இறங்கினார்கள். அவர்கள் மேலே நிரப்பிக்கொண்ட காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கே விரியும். ஸ்கூபாவில் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரு மடங்கு. அங்கே ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுற்றியுள்ள அழுத்தத்துக்கு ஏற்ப வாய்க்குத் தரும் கருவி) உங்கள் நுரையீரலை நிரப்பும் காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். தொண்டையை அடைத்துக்கொண்டு ஏறினால் அந்தக் காற்று நுரையீரலைக் கிழித்துக்கொண்டு இரத்தத்தில் கலக்கலாம். இதற்கு ஆழ்கடல் தேவையில்லை. நீச்சல் குளத்தில் ஒன்றரை மீட்டரிலிருந்து முழு மூச்சோடு எழுந்தாலே போதும். அதனால்தான் ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலும் சின்னக் குமிழிகளாக ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பலருக்கு இது வெறும் பயிற்சிச் சடங்காகத் தெரிகிறது. பதற்றம் வந்தால் உடல் முதலில் செய்வது மூச்சைப் பிடிப்பதுதான். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் குளத்தில் அத்தனை முறை செய்யச் சொல்கிறார்கள்.

அடுத்தது காது. வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுகிறவர்கள்தான் அதிகம். வலி வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம் என்று பொருள். அழுத்த மாற்றம் மிகக் கூர்மையாக இருப்பது முதல் சில மீட்டர்களில். எனவே தண்ணீருக்கு மேலேயே ஒருமுறை காதைச் சமன் செய்துகொண்டு, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி கால் கீழாக இறங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை மெதுவாகச் செய்ய வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதுவது ஒத்துவராதவர்கள் மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்கிப் பார்க்கலாம். திறக்கவில்லையா? முக்கி முக்கி ஊதாதீர்கள். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, விரலால் காதைக் காட்டி, ஒரு மீட்டர் மேலே போங்கள். அப்படியும் திறக்காவிட்டால் அன்றைய டைவ் அவ்வளவுதான். குழுவே உங்களுக்காகக் காத்திருக்கிறதே என்று சமாளித்து இறங்கினால் செவிப்பறை கிழியும். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். ஆழத்தில் இருக்கும்போது மாத்திரையின் வேகம் தணிந்தால், உள்ளே மாட்டிய காற்று மேலே வரும்போது வெளியேறாது. கீழே போகும்போது வலித்தால் நிறுத்திவிடலாம். மேலே வராமல் இருக்க முடியுமா?

சைகையில் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் குழப்பம் ஒன்று உண்டு. இன்ஸ்ட்ரக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, நலமா என்று கேட்கிறார். மாணவர் மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்துகிறார். தண்ணீருக்கு அடியில் அதற்கு மேலே போக வேண்டும் என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் உடனே டைவை முடித்து மேலே கூட்டிப் போகத் தொடங்குவார். அவர் செய்வது சரி. படகில் உட்கார்ந்திருக்கும்போதே நான்கைந்து சைகைகளைக் கூட்டாளியோடு, அதாவது உங்களோடு ஜோடியாக இறங்குகிறவரோடு, செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தில் கற்றுக்கொடுப்பவர்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புதியவர் எளிதாக இறங்கட்டும் என்று பெல்ட்டில் இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிவிடுகிறார்கள். அவர் மூழ்குவார். ஆனால் அந்தக் கூடுதல் எடையைச் சமாளிக்க பிசிடி ஜாக்கெட்டில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுப்பை உள்ள ஜாக்கெட்) காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பார், கால் தொங்கும், காலில் மாட்டிய துடுப்பான ஃபின் பவளத்தின் மேல் உரசும், களைப்பில் காற்று மளமளவென்று தீரும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஜாக்கெட்டை முழுவதும் காலியாக்கி, இயல்பான மூச்சு ஒன்றைப் பிடித்து அசையாமல் நின்றால், தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கே இரண்டரை கிலோவுக்குப் பக்கமாக எடை உண்டு. டைவ் முடியும்போது அது குறைந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீசை வைத்திருப்பவர்களின் மாஸ்க்கில் தண்ணீர் கசிவது சகஜம். மூக்குக்குக் கீழே மெல்லிய கீற்றாக மழித்துவிட்டால் பெருமளவு நின்றுவிடும்.

இறங்கும் முன் கூட்டாளியின் கருவிகளைச் சோதிப்பதைப் பலர் கடமைக்குச் செய்கிறார்கள். தோளைத் தட்டி, சரி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ரெகுலேட்டரில் நான்கு முறை நன்றாக இழுத்துச் சுவாசியுங்கள், அப்போது கண் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள்ளில் இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. முள் விழுந்து எழாமலே போனால் வால்வு மூடியிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. கொஞ்சம் திறந்திருந்தால் மேலே சரியாகவே மூச்சு வரும். ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் காற்று தேவைப்படும்போதுதான் திணறும்.

20 மீட்டரில் மேற்பரப்பைவிட மூன்று மடங்கு வேகமாகக் காற்று தீரும். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 100 பார் ஆனதும் நீங்களாகவே காட்டுங்கள். 50 பாரோடு மேற்பரப்பில் இருப்பதுதான் திட்டம். 50 பாரில்தான் ஏறத் தொடங்குவது திட்டமல்ல. கூட வந்தவர்களைவிட உங்கள் காற்று சீக்கிரம் தீர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாப் புதியவர்களுக்கும் அப்படித்தான்.

இப்போது அந்த நைட்ரஜனுக்கு வருவோம். ஆழத்தில் அது உடல் திசுக்களில் கரைகிறது. வேகமாக ஏறினால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டு வலி, மரத்துப்போதல், பக்கவாதம் வரை கொண்டுபோகலாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது இதற்காகத்தான். அந்தமான் போகிறவர்கள் கடைசி நாள் காலையில் டைவ், மதியம் விமானம் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு டைவ் என்றாலும் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். டைவிங்கைப் பயணத்தின் முதல் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாவில் இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்து 12 மீட்டருக்குள் கூட்டிப்போவது அனுபவம் மட்டுமே, தகுதி அல்ல. ஓப்பன் வாட்டர் எனும் அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். மட்டக்களப்பு அருகே, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கடலடியில் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதற்கு டெக்னிக்கல் டைவிங் என்ற தனிப் பயிற்சி உண்டு. 30 மீட்டரைத் தாண்டினாலே நைட்ரஜன் மயக்கம் புத்தியைக் குழப்பத் தொடங்கும்.

சான்றிதழ் வாங்கிய பிறகு எந்தக் குழுவோடு சேர்கிறீர்கள் என்பதுதான் நீங்கள் எப்படிப்பட்ட டைவர் ஆவீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்த டைவையும் எந்த நேரத்திலும் யாரும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம் என்பது உலகெங்கும் டைவர்கள் மதிக்கும் வழக்கம். படகு வரை வந்துவிட்டு, இன்று மனசு சரியில்லை என்று திரும்புகிறவரைக் கிண்டல் செய்யும் குழுவில் இருக்காதீர்கள். அந்தக் கிண்டலுக்குப் பயந்துதான் அடுத்த வாரம் இன்னொருவர் காது வலியை மறைப்பார். படகோட்டும் மீனவர் தண்ணீர் கலங்கல், நீவாடு (கடல் நீரோட்டம்) வலுவாக இருக்கிறது என்றால் அதற்கு மேல் வாதம் வேண்டாம். கைவிட்ட வலைகளை அகற்றும் பணிக்கு ஆர்வத்தோடு போகிறவர்கள், கத்தியும் பயிற்சியும் இல்லாமல் வலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது; வலை டைவரையும் பிடிக்கும். செத்த பவளம்தானே என்று ஒரு துண்டை நினைவாக எடுத்து வருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை.

ஓராண்டு தண்ணீரில் இறங்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, கூட்டாளியின் மாற்று ரெகுலேட்டரில் சுவாசிப்பது ஆகியவற்றைக் குளத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அதன் பிறகு படகு ஏறுங்கள். அரை நாள் வேலைதான்.