அடிபட்டவருக்கு இழப்பீடு: தாள்கள் போலீஸ் விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) கைக்கு முன்கூட்டியே போகட்டும்

வன்செயலுக்கு ஆளானவர்களுக்கு அரசாங்கமே பணம் எடுத்துக் கொடுக்கும் திட்டம் பிரிட்டனில் உண்டு. சிங்கப்பூரில் கிடையாது. இங்கே அடித்தவன் கொடுக்க வேண்டும். வேலை நேரத்தில் நடந்திருந்தால் முதலாளியின் காப்புறுதி கொடுக்க வேண்டும். "எந்த அலுவலகத்தில் மனு போடணும்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் அண்ணன் ஒரு கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) செக்யூரிட்டி. பதிவு செய்யாத காரை உள்ளே விடாததற்காக, குடித்திருந்த ஒரு ஆள் முகத்தில் குத்தினான். தாடை எலும்பு முறிந்தது, மூக்குக்கண்ணாடியும் போனது. அண்ணனால் வாயைத் திறக்க முடியாததால் தாள் வேலையெல்லாம் என் தலையில். கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவணங்களோடு மாரடிப்பவள் நான். படிவம் நிரப்புவது எனக்குப் பெரிய விஷயமில்லை.

முதலில் டாக்டர். யார் அடித்தார், எதனால், எங்கே பட்டது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவ அறிக்கை அதை வைத்துத்தான் எழுதப்படும். "கீழே விழுந்துட்டேன்" என்று வெட்கப்பட்டுச் சொன்னால் பிறகு வழக்கில் இடிக்கும். காயத்தை அன்றைக்கே படம் எடுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் எடுங்கள். கன்றிப்போன இடம் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

அடுத்து போலீஸ். எலும்பு முறிவு சட்டப்படி கடுங்காயம். வெறும் வீக்கம், சிராய்ப்பு என்றால் தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவில் வரும். அதற்கு வாரண்ட் இல்லாமல் உடனே கைது செய்ய மாட்டார்கள். ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் புகார், அதாவது மாஜிஸ்திரேட்டிடமே நேரடியாகப் புகார், கொடுக்கச் சொல்லி அனுப்பவும் கூடும். கைகழுவிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அதுவும் ஒரு வழிதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவுப்படி, ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்த நீதிமன்றம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லலாமா என்று யோசித்தே ஆக வேண்டும். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தரச் சொல்லவில்லை என்றால் அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். நமக்கு வக்கீல் தேவையில்லை, அரசுத் தரப்பு வழக்கறிஞரே கேட்பார். ஆனால் அவர் கையில் கணக்கு இருந்தால்தானே கேட்பார்! அடித்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு ஒரே நாளில் முடிந்து தண்டனையும் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு ரசீதைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை. அதனால் விசாரணை அதிகாரிக்கு, அதாவது ஐ.ஓ.வுக்கு, ஆரம்பத்திலேயே "இழப்பீடு கேட்க விரும்புகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

நான் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போட்டேன். மருத்துவமனை பில், மருந்து, டாக்சி ரசீது, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), சம்பளம் குறைந்த மாதத்தின் பே ஸ்லிப், புதுக் கண்ணாடிக்குக் கடைக்காரர் கொடுத்த ரசீது எல்லாம் அதில். மெஷினில் வரும் ரசீதுகள் சீக்கிரம் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிட வேண்டும். முதல் பக்கத்தில் தேதி, செலவு, தொகை என்று ஒரு பட்டியல். அம்மா தினமும் அரைத்துக் கொடுத்த கஞ்சிக்கு யார் ரசீது தருவார்கள்? அது பட்டியலில் ஏறவில்லை. கூடவே, பாதிப்பு வாக்குமூலம் கொடுக்கலாமா என்று ஐ.ஓ.விடம் கேளுங்கள். உடம்புக்கு வந்தது மட்டுமில்லை, தூக்கம் போனது, இரவு வேலைக்குப் போகப் பயம் வந்தது, இவையும் அதில் வரலாம்.

பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். எளிதாகக் கணக்கிடக்கூடிய இழப்புக்குத்தான் இந்த இழப்பீட்டு உத்தரவு. அடித்தவனின் வசதியையும் நீதிபதி பார்ப்பார், தவணையில் கட்டவும் அனுமதிக்கலாம். கட்டாவிட்டால் சிறை என்றும் சொல்லலாம்; அவன் சிறைக்கே போகிறேன் என்றால் நம் கைக்குக் காசு வராது.

வேலையில் அடிபட்டவர்கள் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். 'சண்டையில் பட்ட அடி வேலைக் காயத்தில் சேராது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சண்டையில் கலந்துகொள்ளாமல் அடி வாங்கியவரும், தற்காத்துக்கொண்டவரும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளி என்றால் 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுதாக, பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்துவிட்டாரா என்று நீங்களே விசாரியுங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதீர்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 359ஆம் பிரிவுதான் பெரிய துணை.

நடுவில் அடித்தவனின் சொந்தக்காரர் யாராவது கவரோடு வருவார். எங்களிடமும் வந்தார்கள், பழம் வாங்கிக்கொண்டு. பணம் வாங்கிச் சமாதானமாகப் போவது சில குற்றங்களில் சட்டப்படியே முடியும். ஆனால் போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு அரசுத் தரப்பின் சம்மதமும் வேண்டும். "இனிமேல் எதுவும் கோர மாட்டேன்" என்று எழுதிய தாளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வக்கீல் பார்க்கட்டும்.

நீதிமன்றம் கொடுத்தது போதாது என்றால் சிவில் வழக்கு போடலாம். காயத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். முன்பு வாங்கிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள். குற்றத் தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டலாம் என்பதால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். ஆனால் அவனிடம் சொத்தோ சம்பளமோ இல்லையென்றால் வக்கீல் செலவுதான் மிச்சம். அதை முதலில் கணக்குப் போடுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமான வரம்புக்குள் இருந்தால் லீகல் எய்ட் பீரோவில் (அரசின் சட்ட உதவி அலுவலகத்தில்) விண்ணப்பிக்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ தொண்டு அமைப்புகளையோ நாடலாம். எங்கே போனாலும் அந்த ஃபைலின் நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.