கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) நோயாளியைப் பார்த்துக்கொள்வது

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். பெரும்பாலான கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும், அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. காரைக்குடிப் பக்கம் உடம்புக்கு முடியவில்லை என்றால் பங்காளி வீடே திரண்டு வந்துவிடும். சளி இருமல் உள்ளவர்களை வாசல் முகப்போடு அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி. எங்கள் அப்பத்தாவுக்குக் கீமோவுக்குப் பின் வாயெல்லாம் புண், மிளகாய் தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வைத்தோம், பல் தேய்க்க மிருதுவான பிரஷ். அப்புறம் அன்றன்று செய்த பால் பணியாரத்தை, ஆறியதும் விரலால் மசித்து ஊட்டினால் நாலைந்து உருண்டை இறங்கும். வெளியில் வாங்கிய சட்னி, வேகவைக்காத பச்சைக் காய் எதுவும் வேண்டாம்.