அம்மாவின் போனில் திறந்த மூலச் செயலிகள்: தோட்டத்திலிருந்து ஒரு செய்முறை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மா, காலையில் பிரட்டுக்களத்துக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகும் முன் போனில் போட்டுவைக்கும் டேட்டா, தங்கச்சியின் பாடங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்து சேரும் மாலை நேரத்துக்குள் தீர்ந்துபோய்விடும். காரணத்தைத் தேடி டேட்டா பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்தபோது, அம்மா ஒருநாளும் தொட்டிராத செயலிகள் பின்னணியில் இயங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். போன் வாங்கிய கடையில் யாரோ நிறுவிக் கொடுத்த ஒரு டோர்ச் செயலிக்கு, வெளிச்சம் காட்டுவதற்கு எவ்விதத் தேவையும் இல்லாத இருப்பிட அனுமதியும் தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதியும் கொடுக்கப்பட்டிருந்தன. அந்த போனில் இருந்தவை எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உள்ள அத்தனை வீட்டாரின் எண்கள்.

அதன் பிறகு நான் கைக்கொண்ட விதி ஒன்றுதான்: இணையத்துக்குப் போகத் தேவையில்லாத வேலையை, இணையத்துக்குப் போகவே முடியாத செயலியிடம் கொடுக்க வேண்டும். பனிமூட்டத்திலும் மலை மடிப்பிலும் கவரேஜ் போய் வரும் நம் ஊர்களில் இது பணத்தையும் மிச்சப்படுத்துகிறது, வீட்டுச் செய்தியையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கீழே உள்ள படிகள் அன்ட்ரொய்ட் போன்களுக்கு மட்டுமே உரியவை. போனின் இயங்குதளத்தையே மாற்றுவது பற்றி இங்கே எழுதவில்லை. வீட்டுக்கு ஒரே போன் இருக்கும்போது அதில் முதலில் கைவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதற்படி: எஃப்-டிராய்ட்

எஃப்-டிராய்ட் என்பது 2010 முதல் இயங்கிவரும், திறந்த மூலச் செயலிகளை, அதாவது மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கக்கூடிய செயலிகளை, மட்டும் வைத்திருக்கும் களஞ்சியம். அதைப் பயன்படுத்தக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல் முகவரியும் கேட்கப்படுவதில்லை. பெரும்பாலான செயலிகளை அதை நடத்துவோரே மூலநிரலிலிருந்து உருவாக்கித் தருகிறார்கள் என்பதும், ஒரு செயலியில் விரும்பத்தகாத கூறு ஏதும் இருந்தால் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை எழுதிவைக்கிறார்கள் என்பதும் நான் அதை நம்புவதற்கான காரணங்கள்.

உலாவியில் எஃப்-டிராய்ட் டாட் ஓஆர்ஜி என்ற தளத்துக்குச் சென்று, கோப்பைத் தரவிறக்கித் திறவுங்கள். உலாவியிலிருந்து செயலிகளை நிறுவ அனுமதி வேண்டும் என்று போன் கேட்கும். அனுமதி கொடுத்து நிறுவி முடித்த உடனேயே, அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று உலாவிக்கான அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள். முதல் தடவை திறக்கும்போது திரை வெறுமையாக இருந்தால் செயலி பழுதென்று எண்ணி அழித்துவிட வேண்டாம். செயலிகளின் பட்டியல் முழுவதும் அப்போதுதான் தரவிறங்குகிறது. கவரேஜ் நன்றாக உள்ள இடத்தில் நின்று, திரையைக் கீழே இழுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டாம் படி: விசைப்பலகை

செயலிகளை மாற்றுவோர் பெரும்பாலும் உலாவியிலிருந்தோ உரையாடல் செயலியிலிருந்தோ தொடங்குகிறார்கள். நான் விசைப்பலகையிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனெனில் கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம், கணவன் மனைவிக்கிடையிலான பேச்சு என எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. எஃப்-டிராய்டில் ஹெலிபோர்ட் என்ற விசைப்பலகையைத் தேடி நிறுவி, அதன் மொழிப் பட்டியலில் தமிழையும் ஆங்கிலத்தையும் தேர்ந்தெடுங்கள்.

அதை இயக்க முற்படும்போது, கடவுச்சொற்கள் உட்பட நீங்கள் தட்டச்சு செய்யும் அனைத்தையும் இந்த விசைப்பலகை திரட்டக்கூடும் என்ற எச்சரிக்கை தோன்றும். நான் தடுமாறி நின்றது இங்கேதான். பாதுகாப்புக்காக நிறுவிய ஒன்றே இப்படிச் சொல்கிறதே என்று பயந்து, இரண்டு தடவை அழித்துவிட்டுப் பழைய விசைப்பலகைக்கே திரும்பினேன். பிற்பாடுதான் புரிந்தது: புதிதாகச் சேர்க்கப்படும் எந்த விசைப்பலகைக்கும் அன்ட்ரொய்ட் காட்டும் பொதுவான எச்சரிக்கை அது. போனோடு வந்த விசைப்பலகையும் நாம் எழுதுவதையெல்லாம் பார்க்கிறது. ஆனால் அது முன்கூட்டியே இயக்கப்பட்டிருப்பதால் அந்த எச்சரிக்கையை நாம் ஒருபோதும் காண்பதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, விசைப்பலகை நம் எழுத்தைப் பார்க்கிறதா என்பதன்று; பார்த்ததை வெளியே அனுப்ப அதற்கு வழி இருக்கிறதா என்பதே. இதைச் சோதிக்கப்போன இடத்தில் இன்னொரு தடுமாற்றம் ஏற்பட்டது. போனின் அமைப்புகளில் ஒரு செயலியின் அனுமதிகளைத் திறந்தால் கமெரா, ஒலிவாங்கி, இருப்பிடம் போன்றவை மட்டுமே வரிசையாகத் தெரிகின்றன. இணைய அனுமதி அந்த வரிசையில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, எந்தச் செயலிக்குமே இணைய அனுமதி இல்லை என்று சில நாள் நம்பியிருந்தேன். உண்மையில் இணைய அனுமதியை அன்ட்ரொய்ட் நம்மிடம் கேட்பதே இல்லை. செயலியை நிறுவும்போதே அது தானாக வழங்கப்பட்டுவிடுகிறது. அதைக் காண, அனுமதிகள் பக்கத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, எல்லா அனுமதிகளையும் காட்டும் பகுதிக்குச் சென்று, முழுமையான நெட்வொர்க் அணுகல் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்-டிராய்டில் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் இந்தப் பட்டியல் இருப்பதால், நிறுவும் முன்பே படித்துவிடலாம். ஹெலிபோர்ட்டின் பட்டியலில் அந்த வரி இல்லை.

இதில் இழப்பும் உண்டு. சொற்களை முன்கூட்டியே காட்டும் அகராதிகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். விரலை இழுத்து எழுதும் வசதி, மூடிய மூலத்தில் உள்ள (மூலநிரல் வெளியிடப்படாத) ஒரு நிரல் நூலகத்தை ஏற்றினால் மட்டுமே கிடைக்கும், நான் அதை ஏற்றவில்லை. குரலைக் கேட்டு எழுதும் வசதியும் தானாக வராது. அம்மாவுக்கு எழுதுவதைவிடப் பேசுவது எளிது. ஆகவே அவர் இப்போது குரல் பதிவாகவே அனுப்புகிறார். தமிழ்99 என்ற விசை அமைப்பில் எழுதிப் பழகியவர்கள் இன்டிக் கீபோர்ட் என்ற திறந்த மூல விசைப்பலகையைப் பார்க்கலாம், அதில் அந்த அமைப்பு உண்டு. எதை எடுத்தாலும், போனின் பூட்டைத் திறக்கும் கடவுச்சொல்லைப் புதிய விசைப்பலகையால் எழுத முடிகிறதா என்று பார்த்த பின்னரே பழையதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நிலப்படம்

ஓர்கானிக் மேப்ஸ் என்பது 2004இல் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது நிலப்படத்தின் தரவைக் கொண்டு இயங்கும் செயலி. நகரத்தில் யாருடைய வைஃபையாவது கிடைக்கும்போது இலங்கைக்கான படத்தை ஒருமுறை தரவிறக்கிவிட்டால், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதை முழுவதையும் டேட்டாவை அணைத்துவைத்தே பார்க்கலாம். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது இந்தச் செயலியின் வழியாக எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் சேராது.

ஒன்றை மறக்க வேண்டாம். இணையமின்றி இயங்கும் படத்துக்கு மண்சரிவு தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் போன்றதொரு நேரத்தில், வீதி இருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஊர் மனிதரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தின் ஆள்கூறுகளை (அந்த இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அது கவரேஜ் இல்லாமலேயே காட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கும்போது, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) பெயரையும் சொல்லியும் எதிரில் இருப்பவருக்கு இடம் விளங்காவிட்டால், அந்த எண்களை வாசித்துக் காட்டலாம். ஆள்கூறுகளைக் கண்டெடுப்பது எப்படி என்பதை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் இப்போதே பழக்கிவிடுங்கள்.

நான்காம் படி: உரையாடல்

கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோடும், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் சித்தியோடும் பேச சிக்னல் செயலியை வைத்திருக்கிறோம். இது எஃப்-டிராய்டின் பிரதான களஞ்சியத்தில் இல்லை. பிளே ஸ்டோரிலோ அதன் சொந்தத் தளத்திலோதான் எடுக்க வேண்டும். வட்ஸ்அப்பிலும் செய்தியின் உள்ளடக்கம் சிக்னலின் நெறிமுறையைக் கொண்டே மறையாக்கம் (இடையில் எவரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேறுபாடு, யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது போன்ற சுற்றுத் தகவல்களில் இருக்கிறது. இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்கும் சிக்னல் அவற்றை மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. பாடசாலைக் குழுவும் சங்கத்தின் குழுவும் வட்ஸ்அப்பில் இருப்பதால் அதை நாங்கள் அழிக்கவில்லை. அழித்திருந்தால் தங்கச்சியின் படிப்புத்தான் தடைப்பட்டிருக்கும்.

சிக்னல் கேட்கும் பின் (PIN) இலக்கத்தால் பழைய செய்திகளை மீட்க முடியாது. செய்திகளுக்கான காப்புப் பிரதியைத் தனியாக இயக்கி, அப்போது தரப்படும் நீண்ட குறியீட்டைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

இந்தப் பதிவைப் படித்த இருவர், ஓர்கானிக் மேப்ஸில் தங்கள் டிவிஷனைச் சேர்த்தும் அது மற்றவர்களின் போனில் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் சேர்க்கும் இடம் உங்கள் போனில் உடனே தெரியும், ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கொன்றில் நுழைந்த பிறகே அது வெளியே அனுப்பப்படும். அதன் பின்னும், செயலியின் அடுத்த நிலப்பட வெளியீடு வந்து, மற்றவர்கள் அதைப் புதுப்பிக்கும்வரை அவர்களுக்குத் தெரியாது. கணக்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் உங்கள் சொந்தப் பெயரை வைக்க வேண்டியதில்லை.

இன்னொருவர், ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்த தோட்டப் பெயரை அழித்துவிட்டு அதே இடத்தில் தமிழில் எழுதியிருந்தார். அப்படிச் செய்ய வேண்டாம். பெயரைத் திருத்தும் பக்கத்தில் இன்னொரு மொழியைச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் தமிழைத் தெரிவுசெய்து, மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று நாம் வழங்கும் பெயரை அங்கே எழுதுங்கள். கோயில், பிள்ளை மடுவம் (குழந்தைகள் பராமரிப்பிடம்), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), பாடசாலை, வீதி பிரியும் சந்தி ஆகியவற்றைச் சேர்க்கலாம். எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் (வீட்டு அறையில்) யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதாதீர்கள். அந்தப் படத்தை உலகில் எவரும் தரவிறக்கலாம்.